பல் நகரும்போது ஏன் வலிக்கிறது?

பல்லில் கம்பி கட்டிய உடனே பெரிதாக வலிப்பதில்லை. சில மணி நேரம் கழித்து மந்தமான வலி தொடங்கும். மறுநாள் உச்சத்துக்குப் போகும். மூன்றாம் நாளிலிருந்து தணிந்து, ஒரு வாரத்துக்குள் பெரும்பாலும் மறைந்துவிடும். கம்பியை முடுக்கும் ஒவ்வொரு முறையும் இதே ஒழுங்கில் வந்துபோகும். வெறும் அழுத்தத்தால் மட்டும் வரும் வலியாக இருந்தால் கட்டிய நொடியிலேயே உச்சத்தில் இருக்க வேண்டும். தாமதத்துக்குக் காரணம், வேரைச் சுற்றி நடக்கும் ரசாயன வேலை.

பல் தாடை எலும்போடு நேரடியாக ஒட்டியிருப்பதில்லை. வேருக்கும் எலும்புக்கும் நடுவே ஏறத்தாழ 0.2 மில்லிமீட்டர் தடிமனில் ஒரு நார்ப்படலம் இருக்கிறது. ரத்த நாளங்களும் நரம்பு நுனிகளும் அதில் நிறைந்திருக்கின்றன. சோற்றில் ஒரு சிறு கல் கடிபட்டதும் சட்டென்று உணர்த்துவது இந்தப் படலம்தான்.

கம்பி பல்லைத் தள்ளும்போது படலம் வேரின் ஒரு பக்கம் நசுங்குகிறது, எதிர்ப்பக்கம் இழுபடுகிறது. நசுங்கிய பக்கத்தில் ரத்த ஓட்டம் குறைய, அங்குள்ள செல்கள் புரோஸ்டாகிளாண்டின், இன்டர்லூக்கின் போன்ற அழற்சிப் பொருள்களைச் சுரக்கத் தொடங்குகின்றன. நரம்பு நுனிகளும் சும்மா இருப்பதில்லை. அவை ‘சப்ஸ்டன்ஸ் பி’ என்னும் பொருளை வெளியிட்டு, ரத்த நாளங்களை விரித்து அழற்சியைக் கூட்டுகின்றன. இவையெல்லாம் சேர மணிக்கணக்காகும். புரோஸ்டாகிளாண்டின் நரம்பு நுனிகளை எளிதில் தூண்டப்படும் நிலைக்குக் கொண்டுவந்துவிடுகிறது. அதனால்தான் மறுநாள் காலையில் ரொட்டி சானாயைக் கடித்தால்கூடக் கூசுகிறது. அந்தச் செய்தி முக்கிளை நரம்பின் வழியே மூளைத்தண்டுக்கும், அங்கிருந்து மூளைக்கும் செல்கிறது.

வலியைத் தூண்டும் இந்தப் பொருள்களேதான் பல்லையும் நகர்த்துகின்றன. அவற்றின் தூண்டுதலால் நசுங்கிய பக்கத்தில் ஆஸ்டியோகிளாஸ்ட் என்னும் செல்கள் திரண்டு எலும்பைக் கரைக்கின்றன. இழுபட்ட பக்கத்தில் ஆஸ்டியோபிளாஸ்ட் செல்கள் புது எலும்பைப் படியவைக்கின்றன. பல் மாதத்துக்குச் சுமார் 1 மில்லிமீட்டர் நகர்கிறது. சுவீடனைச் சேர்ந்த கார்ல் சாண்ட்ஸ்டெட் நாய்களின் பற்களை நகர்த்தி, திசுக்களை நுண்ணோக்கியில் பார்த்து, 1904-05இல் இந்த மாற்றங்களை விவரித்தார்.

விசையைக் கூட்டினால் பல் வேகமாக நகரும் என்று நினைப்பது தவறு. படலத்தின் மீதான அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 20 முதல் 26 கிராம் வரை இருந்தால் போதும் என்று ஷ்வார்ஸ் என்னும் ஆய்வாளர் 1932இல் எழுதினார். நுண்ணிய ரத்த நாளங்களின் அழுத்தத்தை அடிப்படையாகக் கொண்ட கணக்கு அது. விசை மிஞ்சினால் நாளங்கள் அடைபட்டு, படலத்தின் ஒரு பகுதியில் செல்கள் மடிகின்றன. எலும்பைக் கரைக்க அங்கே ஆள் இருக்காது. பக்கத்து எலும்பிலிருந்து செல்கள் உள்ளே அரித்து வரும்வரை, சில வாரங்கள் பல் நின்ற இடத்திலேயே நிற்கும். வலி கூடும், வேர் நுனி கரைந்து குட்டையாகும் ஆபத்தும் உண்டு. தொடக்கத்தில் வளைந்து கொடுக்கும் மெல்லிய நிக்கல்-டைட்டானியம் கம்பி போடுவது இதைத் தவிர்க்கத்தான்.

வலிக்கு முதலில் பரிந்துரைக்கப்படுவது பாராசிட்டமால், மலேசியாவில் எல்லார் வீட்டிலும் இருக்கும் பனடோல். இபுபுரோஃபென் புரோஸ்டாகிளாண்டின் உற்பத்தியையே தடுக்கிறது. விலங்குகளில் நடந்த ஆய்வுகளில் அது பல் நகர்வை மந்தமாக்கியது. ஓரிரு நாள் எடுப்பதால் பெரிய பாதகமில்லை என்றாலும், தொடர்ந்து விழுங்குவது நல்லதல்ல. சர்க்கரையில்லாத சூயிங்கம் மெல்வதும் சிலருக்கு உதவுகிறது. மெல்லும் அசைவு நசுங்கிய இடத்தில் ரத்த ஓட்டத்தைத் தற்காலிகமாக மீட்பதே காரணம் என்று கருதப்படுகிறது.

ஒரு வாரம் தாண்டியும் குறையாத வலி, அளவுக்கு மீறி ஆடும் பல், வீங்கிய ஈறு ஆகியவை இயல்பானவை அல்ல. இவற்றைக் கவனித்து விசையைத் திருத்தப் பயிற்சி பெற்ற கை வேண்டும். மலேசியாவில் அழகு நிலையங்களிலும் இணையத்திலும் மலிவாக விற்கப்படும் போலிக் கம்பிகளில் அந்தக் கவனிப்பு இல்லை. 2018ஆம் ஆண்டுப் பல் மருத்துவச் சட்டப்படி பதிவு பெறாதவர் கம்பி கட்டுவது குற்றம். ரெங்கத்திலோ குளுவாங்கிலோ பிள்ளைக்குக் கம்பி கட்ட நினைக்கும் பெற்றோர், கட்டுபவரின் பெயர் மலேசியப் பல் மருத்துவ மன்றத்தின் பதிவேட்டில் இருக்கிறதா என்று முதலில் பார்த்துவிட வேண்டும்.