உறைபனியிலும் உயிர் காக்கும் பூக்கள்

ஒரு தக்காளிப் பழத்தைக் குளிர்சாதனப் பெட்டியின் உறைய வைக்கும் தட்டில் ஓர் இரவு வைத்து எடுத்துப் பாருங்கள். பனி இளகியதும் அது குழைந்து நீராக வடியும். பழத்தின் கலங்களுக்குள் இருந்த நீர், பனிக்கட்டியாக மாறும்போது கூரிய படிகங்களாகி, கலங்களின் மென்சவ்வைக் கிழித்துவிடுவதே இதற்குக் காரணம்.

அப்படியானால், பூச்சியத்துக்குக் கீழே 30, 40 பாகை செல்சியஸ் வரை குளிரும் துருவப் பிரதேசங்களில் பூக்கும் தாவரங்கள் எவ்வாறு தப்பிப் பிழைக்கின்றன? வடதுருவத்தைச் சூழ்ந்த ஆட்டிக் பிரதேசத்தில் இத்தகைய தாவரங்கள் பல நூறு இனங்கள் உள்ளன. அந்தாட்டிக்காவில் இயற்கையாக வளர்பவை இரண்டு மட்டுமே. ஒன்று மயிர் போன்ற மெல்லிய புல். மற்றையது பாசி போலத் திரண்டு வளரும் ஒரு சிறு பூண்டு.

முன்கூட்டியே ஆயத்தம்

கோடை முடிந்து பகற்பொழுது குறையத் தொடங்கியதுமே இத்தாவரங்கள் குளிருக்கு ஆயத்தமாகிவிடுகின்றன. கலங்களில் வெல்லப் பொருட்கள் சேர்கின்றன. குளிரில் இறுகிப்போகாதவாறு மென்சவ்வின் அமைப்பும் மாறுகிறது. பின்னர் பனிக்கட்டி உருவாகும்போது, அது கலங்களுக்கு உள்ளே அல்லாமல் அவற்றுக்கு இடைப்பட்ட வெளிகளில் உருவாகிறது. கலத்தினுள் இருக்கும் நீரின் ஒரு பகுதி வெளியேற, எஞ்சிய சாறு காய்ச்சிய சீனிப்பாகு போலத் தடிப்பாகிறது. தடித்த சாறு இலகுவில் உறைவதில்லை. அந்தாட்டிக்காவின் புல் இன்னும் ஒருபடி மேலே சென்று, சிறு பனிப் படிகங்கள் பெரிதாக வளராமல் தடுக்கும் புரதங்களையும் உற்பத்தி செய்கிறது.

உருவத்திலும் ஒரு பாதுகாப்பு

துருவத்தின் செடிகள் உயர்ந்து வளர்வதில்லை. பல, தலையணை போல நெருக்கமாகத் திரண்டு நிலத்தோடு ஒட்டியிருக்கும். அதனால் குளிர்காற்று தாக்குவது குறைகிறது. நிலத்தின் வெப்பமும் கிடைக்கிறது. ஆட்டிக் பொப்பிப் பூ சூரியன் செல்லும் திசைக்கே திரும்பிக்கொண்டிருக்கும். அதன் கிண்ண வடிவ இதழ்கள் சூரிய ஒளியை நடுவே குவிப்பதால், பூவின் உட்புறம் சுற்றியுள்ள காற்றைவிட வெப்பமாக இருக்கும். அங்கே குளிர்காய வரும் பூச்சிகள் மகரந்தச் சேர்க்கைக்கும் உதவுகின்றன. ஊதாநிறச் சக்சிபிரேஜ் என்ற செடியோ அடுத்த ஆண்டுக்கான மொட்டுகளை முதற் கோடையிலேயே உருவாக்கி வைத்துக்கொள்ளும். பனி உருகியதும் அது தாமதமின்றி மலர்கிறது. சில வாரங்களே நீடிக்கும் கோடையில் விதை முற்ற வேண்டுமே!

பனி எனும் போர்வை

நாம் பகையென எண்ணும் பனியே இச்செடிகளுக்குப் போர்வையாகிறது. தடித்த பனிப்படலத்தின் கீழே, வெளிக்காற்றில் உள்ள அளவுக்குக் கடுங்குளிர் இருப்பதில்லை. எனவே இவற்றுக்கு ஆபத்து, காலம் தவறி வரும் வெப்பத்தாலேயே ஏற்படுகிறது.

2007 டிசெம்பரில் ஸ்கண்டிநேவியாவின் வடபகுதியில் சில நாட்கள் திடீர் வெப்பம் நிலவியது. பனிப் போர்வை உருகியது. மீண்டும் கடுங்குளிர் திரும்பியபோது செடிகள் காப்பின்றி நின்றன. அடுத்த கோடையில், கறுப்பு நிறச் சிறு பழங்களைத் தரும் குரோபெரிச் செடிகள் பரந்த பிரதேசமொன்றில் கருகிக் கிடந்தன. பாதிக்கப்பட்ட நிலம் 1,400 சதுர கிலோமீற்றருக்கும் அதிகமென ஆய்வாளர்கள் கணித்தனர்.

அந்தாட்டிக்காவை அண்டிய சிக்னி தீவில் இதற்கு மாறான காட்சி. அங்குள்ள புல், முந்தைய 50 ஆண்டுகளில் பரவிய அளவுக்கு 2009 முதல் 2018 வரையான காலத்திலேயே பரவியுள்ளதாக 2022 இல் வெளியான ஆய்வொன்று கூறுகிறது. கோடை வெப்பம் அதிகரித்தமை இதற்கு ஒரு முக்கிய காரணம்.

ஓரிடத்தில் கருகுவதும் மற்றோரிடத்தில் பரவுவதும் ஒரே மாற்றத்தின் அடையாளங்களே. எத்தனை கொடிய குளிருக்கும் ஆயத்தமாகத் தெரிந்த இச்செடிகளுக்கு, குளிர் உரிய காலத்தில் வர வேண்டும். வந்தால் வசந்தம் வரை நிலைக்கவும் வேண்டும். பூமி வெப்பமடைய வெப்பமடைய அந்த ஒழுங்கே குலைந்து வருகிறது.