கவசம் முடியும்வரை ஒரு நடை

காலை ஆறரை. கிள்ளானிலும் பிரிக்ஃபீல்ட்ஸிலும் தெருவிளக்குகள் இன்னும் அணையவில்லை. 1982 ஜனவரி 1 முதல் நம் தீபகற்பத்தில் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னே தள்ளி வைத்தார்கள். அதனால்தான் ஏழு மணியை ஒட்டி விடிகிறது. நடப்பதற்கு இதைவிடக் குளிர்ந்த பொழுது நமக்குக் கிடைக்காது.

துணைக்குச் சூலமங்கலம் சகோதரிகளின் குரலில் கந்த சஷ்டி கவசத்தைப் போட்டுக்கொள்ளுங்கள். தேவராய சுவாமிகள் இயற்றியது. தலைமுதல் பாதம்வரை ஒவ்வோர் உறுப்பையும் பெயர் சொல்லி, வேல் காக்கட்டும் என்று வேண்டுகிற பாட்டு. உடம்பை இவ்வளவு அக்கறையோடு நினைக்கும் பக்தி எனக்கு மிகவும் பிடிக்கும்.

பாடி முடிய ஏறத்தாழ 20 நிமிடம். தினமும் அதுவரை வேகமாக நடந்தால் வாரத்துக்கு 140 நிமிடம். பெரியவர்களுக்கு உலகச் சுகாதார நிறுவனம் சொல்லும் குறைந்த அளவு 150. மீதிப் பத்து நிமிடத்துக்கு ஞாயிற்றுக்கிழமை பத்துமலைக்குப் போங்கள், 272 படிகள் இருக்கின்றன. முழங்கால் வலி உள்ளவர்கள் அடிவாரத்தில் முருகன் சிலையைச் சுற்றி நடந்தாலே போதும். பசியாறல் அதற்குப் பிறகு!