தெருக்களும் வரலாறு பேசட்டும்!

காஞ்சிபுரத்துக்கு வருவோரில் பெரும்பாலோர் இரண்டு காரியங்களை முடித்துக்கொண்டு ஊர் திரும்பிவிடுகின்றனர். ஒன்று கோயில் தரிசனம். மற்றொன்று பட்டுச்சேலை வாங்குவது. இவ்விரண்டுக்கும் இடையே அவர்கள் கடந்து செல்லும் தெருக்களுக்கும் வரலாறு உண்டு. அதைச் சொல்லத்தான் அங்கு எதுவும் இல்லை.

வரலாற்றுச் சிறப்புள்ள இடத்தில் விளக்கப் பலகை வைப்பதை மேலைநாட்டு வழக்கம் என்றே நாம் கருதுகிறோம். லண்டனில் புகழ்பெற்றோர் வாழ்ந்த வீடுகளில் வட்டப் பலகை பதிக்கும் திட்டம் 1866-இல் தொடங்கியது. அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் 1927 முதல் சாலையோரங்களில் வரலாற்றுப் பலகைகள் நடப்படுகின்றன.

ஆனால், காஞ்சி இதை எட்டாம் நூற்றாண்டிலேயே செய்திருக்கிறது. இரண்டாம் நந்திவர்ம பல்லவன் எழுப்பிய வைகுந்தப் பெருமாள் கோயிலின் திருச்சுற்றில் பல்லவர் வரலாறு வரிசையாகச் சிற்பங்களில் சொல்லப்படுகிறது. வாரிசின்றி நின்ற அரியணைக்குச் சிறுவன் நந்திவர்மன் அழைத்து வரப்பட்ட நிகழ்வைக் காட்டும் சிற்பங்களுக்கு விளக்க வாசகங்களும் பொறிக்கப்பட்டுள்ளன. அவற்றை ஆராய்ந்து சி. மீனாட்சி எழுதிய நூலைத் தொல்லியல் துறை 1941-இல் வெளியிட்டது.

கயிலாசநாதர் கோயிலிலோ, காஞ்சியை வென்ற சாளுக்கிய மன்னன் இரண்டாம் விக்கிரமாதித்தனின் கன்னடக் கல்வெட்டு இருக்கிறது. கோயிலின் செல்வத்தைக் கவர்ந்து செல்லாமல் இறைவனுக்கே திருப்பி அளித்ததை அது பதிவு செய்கிறது. பகைவனின் பெருந்தன்மையைக் கூறும் அத்தூணை, விவரம் அறியாமலே பலரும் கடந்து செல்கின்றனர்.

பாதுகாக்கப்பட்ட சின்னங்களில் நாம் வழக்கமாகக் காணும் பலகை, சேதப்படுத்தினால் என்ன தண்டனை என்பதைச் சொல்கிறது. எதற்காகப் பாதுகாக்க வேண்டும் என்பதையும் அதே அளவு தெளிவாகச் சொல்ல வேண்டாமா?

விளக்கப் பலகையை ஒருவர் படிப்பதால் அடுத்தவருக்கு அதன் பயன் குறைவதில்லை. படித்தவரிடம் கட்டணம் வசூலிக்கவும் இயலாது. பொருளியலில் இதைப் பொதுப்பண்டம் என்கிறோம். இத்தகைய பண்டத்தைச் சந்தை தானாக வழங்காது. அரசும் உள்ளாட்சியும்தான் வழங்க வேண்டும். 2015-இல் மத்திய அரசு தொடங்கிய 'ஹிருதய்' பாரம்பரிய நகரத் திட்டத்தின் 12 நகரங்களில் காஞ்சிபுரமும் ஒன்று. அத்தகைய திட்டங்கள் குறிப்பிட்ட காலத்தோடு முடிந்துவிடும். பராமரிப்பு உள்ளூர்ப் பொறுப்பாகவே நீடிக்கும்.

'பலகை வைத்தால் நெசவாளியின் வயிறு நிறையுமா?' என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். பண்டத்தின் தரம் விற்பவருக்குத் தெரிந்து, வாங்குபவருக்குத் தெரியாதபோது, மட்டமான சரக்கு நல்ல சரக்கைச் சந்தையிலிருந்து விரட்டிவிடும் என்று 1970-இல் விளக்கினார் ஜார்ஜ் அக்கர்லாஃப். 2001-இல் நோபல் பரிசும் பெற்றார். விசைத்தறிச் சேலை காஞ்சிப் பட்டு என்ற பெயரில் விலைபோகும்போது நிகழ்வது இதுவே.

2005-06-இல் காஞ்சிபுரம் பட்டு புவிசார் குறியீடு பெற்றது. ஆயினும், குறியீட்டின் பொருள் புரிந்தால்தான் வாங்குபவர் அதைக் கேட்டு வாங்குவார். கோர்வை முறையில் சேலையின் உடலும் கரையும் தனித்தனி நாடாக்களால் நெய்யப்பட்டு, ஒன்றோடொன்று பிணைக்கப்படுகின்றன. அதற்கு நெசவாளியுடன் உதவியாளர் ஒருவரும் தறியில் அமர வேண்டும். கூடுதல் விலைக்குக் காரணம் அந்த இரண்டாவது ஆளின் உழைப்பும்தான். பிள்ளையார்பாளையத் தெருமுனையில் இதைப் பத்து வரிகளில் எழுதி வைத்தால், அதுவே நெசவாளிக்கு ஆதரவான சாட்சியமாகும்.

காஞ்சிபுரம் மாநகராட்சி இதை முன்னெடுக்கலாம். வாசகங்களைக் கல்வெட்டு அறிஞர்களும் மூத்த நெசவாளர்களும் சேர்ந்து எழுதட்டும். தமிழிலும் ஆங்கிலத்திலும் சுருக்கமாக அமையட்டும். செவிவழிக் கதை வேறு, சான்றுள்ள வரலாறு வேறு என்ற பாகுபாடு அவற்றில் இருக்கட்டும். திருப்பருத்திக்குன்றத்துச் சமணக் கோயிலுக்கு வழிகாட்டும் பலகையும் அவற்றுள் இடம்பெறட்டும். ஒவ்வொரு பலகையையும் பராமரிக்கும் பொறுப்பை அருகிலுள்ள பள்ளியிடமோ கூட்டுறவுச் சங்கத்திடமோ ஒப்படைக்கலாம்.

பழைய வீடுகள் இடிக்கப்பட்டு, தறிக்குழிகள் தூர்க்கப்பட்ட பிறகு வைக்கப்படும் பலகை வெறும் நினைவுக்கல்லாகவே இருக்கும். தறியோசை கேட்கும்போதே பலகையை நடுவோம்.

கட்டுரையாளர்: பேராசிரியர் (ஓய்வு).