கருவாட்டின் தரம்

விலைபோகாத மீனை உப்பிட்டால் நல்ல கருவாடாகும் என்று பலர் எண்ணுவது தவறு. பச்சை மீனில் நூற்றுக்கு ஏறக்குறைய 75 பங்கு ஜலமும், 18 முதல் 20 பங்கு புரதச்சத்தும் உள்ளன. உப்பும் வெயிலும் ஜலத்தைக் குறைப்பதால் அழுகல் தடைப்படும். எடைக்கு எடை கருவாட்டில் புரதம் மிகும். ஆனால் முன்னமே கெட்டதை உப்பு திருத்தாது.

விசேஷமாக அயிலை, சூரை முதலியவற்றை உப்பிடுமுன் வெப்பத்தில் கிடக்கவிட்டால், நுண்கிருமிகளால் ஹிஸ்டமின் என்னும் நச்சுப்பொருள் உண்டாகும். சமைத்தாலும் அது நீங்காது. உண்டவர்க்கு முகச்சிவப்பு, தடிப்பு, தலைவலி காணும்.

ஆகையால் மீனைப் பிடித்தவுடன் குடல் நீக்கிக் கழுவி, நான்கு பங்கு மீனுக்கு ஒரு பங்கு சுத்தமான உப்பிட்டு, மணலிலன்றித் தட்டிகளின்மேல் உலர்த்துவதே உத்தமம். பண்ணைக்குக் கருவாடு வாங்கும் குடியானவர்கள், செந்நிறம் படர்ந்ததையும் ஈரம் பிசுபிசுப்பதையும் மணல் ஒட்டியதையும் மலிவென்று கொள்ளலாகாது. கொள்பவர் ஜலத்திற்கும் மணலுக்குமே பணங்கொடுத்தவராவார்.