நகரசபையும் வீட்டு மனையும்

மக்கள் பலர் நெருங்கி வாழுமிடம் நகரம். நெருங்கி வாழ்வார்க்கு ஒழுங்கு இன்றியமையாதது. ஒருவனது படுக்கையறையை அடுத்து மற்றொருவன் தோல் பதனிடுதல் ஆகாது. ஒருவன் எழுப்பும் மாடம் அடுத்த வீட்டிற்கு வெயிலும் காற்றும் வாராமல் மறைத்தலும் ஆகாது. ஆதலின், நகரத்தைப் பல பகுதிகளாக வகுத்து, இன்ன பகுதியில் இன்ன கட்டடமே எழுப்பலாம் என விதிக்கும் முறை தோன்றிற்று. ஆங்கிலத்தில் 'ஸோனிங்' எனப்படும் அதனை யாம் ஈண்டு நிலவரையறை என வழங்குவோம். நிலத்தைப் பற்றியதாகத் தோன்றும் இவ்விதி, உண்மையில் யார் யாருக்கு அயலாராக வாழலாம் என்பதையும் தீர்மானிப்பதாகும். இதனை அமெரிக்காவின் மின்னஸோட்டா மாகாணத்திலுள்ள மினியாபொலிஸ் நகரத்தைக் கொண்டு விளக்குவோம்.

அந்நாட்டில் நகர் முழுமைக்குமான நிலவரையறையை 1916-இல் நியூயார்க் நகரம் வகுத்தது. அதற்கு முந்திய ஆண்டில் முடிவுற்ற ஈக்விடபிள் கட்டடம் தன் மனை முழுதும் நிறைத்து ஓங்கி, அண்டைத் தெருக்களை நிழலில் ஆழ்த்தியமை அதற்கு ஒரு காரணம். 1926-இல், ஒஹையோ மாகாணத்து யூக்ளிட் என்னும் ஊரின் வழக்கில், இம்முறை சட்டப்படி செல்லும் என உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தனி வீடுகளின் நடுவே எழும் அடுக்குக் குடியிருப்பை அத்தீர்ப்பு ஒட்டுண்ணி என்றே இகழ்ந்தது. 'ஒரு மனைக்கு ஒரு வீடு' என்னும் விதி நாடெங்கும் பரவலாயிற்று.

இனம் பற்றித் தெருக்களை வகுத்தல் செல்லாது என 1917-லேயே அந்நீதிமன்றம் கூறியிருந்தது. ஆயினும் மினியாபொலிஸில் 1910 முதலே, வெள்ளையர் அல்லாதார்க்கு விற்றலாகாது என்னும் நிபந்தனை வீட்டுப் பத்திரங்களில் எழுதப்பட்டு வந்தது. அத்தகைய நிபந்தனைகளை நீதிமன்றங்கள் நிறைவேற்றலாகாது என 1948-இல் தீர்ப்பாயிற்று; 1968-இல் நாடு தழுவிய சட்டமும் பிறந்தது. பத்திரத்தின் சொல் மாண்டது. 'ஒரு மனைக்கு ஒரு வீடு' என்னும் விதியோ நின்றது. அது எவரையும் பெயர் சொல்லி விலக்கவில்லை. விலையே வாயிற்காவலன் ஆயிற்று.

2018-இல் இவ்விதியை மாற்றலாமா என்னும் வினா நகரசபையின் முன் வந்தது. அந்நாளில் குடியிருப்பு நிலத்தில் நூற்றுக்கு ஏறக்குறைய 70 பங்கு தனி வீடுகளுக்கே ஒதுக்கப்பட்டிருந்தது. ஒரு மனையில் நான்கு குடும்பங்கள் வரை வாழலாம் என்றது முதல் வரைவு. எதிர்ப்பு மிகவே, நான்கு மூன்றாயிற்று. பழைய வீடுகள் இடிபடும், மரங்கள் வீழும், வண்டி நிறுத்த இடமிராது, வணிகரே ஆதாயமடைவர் என்றனர் மறுத்தோர். அவரையெல்லாம் தன்னலத்தார் எனத் தள்ளிவிடல் முறையன்று. வாழ்நாளில் ஈட்டிய பொருளை ஒரு வீட்டில் இட்டவர், பக்கத்து மனையைக் குறித்து அஞ்சுதல் இயல்பே. ஆனால் இத்தகைய கூட்டங்களிற் பேசுவோருட் பலர் முன்னரே அவ்வூரில் வீடுடையோர். வீடு கிடையாமையால் அவ்வூருக்கே வாராதவரின் குரல் அங்குக் கேட்பதில்லை. அக்கேளாக் குரலையும் எண்ணிப் பார்த்தலே சபையினர்க்குரிய கடமை என்பது எம் கருத்து. டிஸம்பர் 7-ஆம் நாள், பன்னிருவர் இசைய ஒருவர் மறுக்க, திட்டம் நிறைவேறியது.

விதி 2020-இல் நடைமுறைக்கு வந்தது. சுற்றுச்சூழலைக் காட்டித் தொடுத்த வழக்கால் சிலகாலம் திட்டம் தடைப்பட்டது. 2024-இல் மாகாணச் சட்டசபை வழி திறந்தது. அஞ்சியவாறு ஊர் இடிபடவில்லை. மூன்று குடும்பங்களுக்கான கட்டடங்கள் சிலவே எழுந்தன. பெரும்பாலான புதிய வீடுகள், பஸ்ஸும் ரயிலும் செல்லும் பெருவழிகளின் ஓரத்து அடுக்கு மாளிகைகளில் அமைந்தன. புதுக் கட்டடந்தோறும் வண்டி நிறுத்துமிடம் கட்டாயம் என்னும் விதியும் 2021-இல் நீங்கிற்று. 2017 முதல் 2022 வரை அந்நகரில் வீடுகள் நூற்றுக்கு 12 பெருகின. வாடகையோ நூற்றுக்கு 1 அளவே உயர்ந்தது. மாகாணத்தின் ஏனைய இடங்களில் அவ்வுயர்வு 14. எனவே, ஒரு விதி மட்டும் ஊரை மாற்றிவிடாது; பல விதிகள் ஒருங்கே தளரவே வீடுகள் பெருகின என்பது பெறப்படும்.

விடுதியில் ஓரறையிற் பலராய் வாழும் எமக்கு, புதிதாய் வருபவனுக்கு இடம் விடுதலின் அருமையும் தெரியும், அதனால் விளையும் நட்பும் தெரியும். நாளை நம்முட் சிலர் நகரசபைகளில் அமர்தலும் கூடும். அன்று வரைபடத்தில் ஒரு கோடு இழுக்குமுன், அக்கோட்டிற்கு அப்பால் நிற்பவன் யார் என ஒருகணம் நினைப்போமாக.