பீரோவுக்குள்ள ஒரு கல்யாணம்!

செஞ்சியில உங்க வீட்டு பீரோவைத் திறந்து பாருங்க பாஸ். பட்டுப்புடவைக்கு அடியில ஒரு டி.வி.டி. தூங்கிட்டிருக்கும். அப்பா-அம்மா கல்யாணம், இல்லைன்னா சித்தி கல்யாணம். பிளேயர் எப்பவோ பரணுக்குப் போயாச்சு. லேப்டாப்ல டிஸ்க் போடவே இடம் இல்லை. இதைவிடப் பெரிய சிக்கல்... ஸ்டூடியோவில் ரைட் பண்ணிக் கொடுத்த டிஸ்க்கில் படம் பதிவாகியிருப்பது ஒரு சாய அடுக்கில். வெயில், வெக்கை, ஈரம் பட்டா அது மெல்ல மெல்லக் கெடும். கெட்ட இடத்துலதான் தாத்தா நடந்து வர்றார்னா?

அதனால, எடிட்டிங் கத்துக்கணும்னு ஆசையிருந்தா ரீல்ஸ்ல ஆரம்பிக்காதீங்க. இந்த டிஸ்க்குல ஆரம்பிங்க!

யு.எஸ்.பி.யில் செருகுற டி.வி.டி. டிரைவ் ஒண்ணு கடன் வாங்குங்க. டிஸ்க்கை மெல்லிய துணியால நடுவுல இருந்து வெளிப்பக்கமா நேரா துடைங்க. வட்டமா தேய்க்காதீங்க. உள்ளே 'வீடியோ டி.எஸ்.'னு ஒரு ஃபோல்டர் இருக்கும். அதை அப்படியே ரெண்டு இடத்துல காப்பி பண்ணுங்க. வெட்டுறது, ஒட்டுறது எல்லாம் காப்பியில மட்டும்தான்.

நம்ம சீனியர்கள் கத்துக்கிட்ட விண்டோஸ் மூவி மேக்கரை மைக்ரோசாஃப்ட் 2017-ல் மூடிருச்சு. கவலை வேண்டாம். ஷாட்கட், கேடென்லைவ் ரெண்டுமே இலவசம், சுமாரான கம்ப்யூட்டர்லயும் ஓடும். பழைய டி.வி.டி. பெரும்பாலும் பால் முறைதான். அதாவது 720க்கு 576 அளவு, நொடிக்கு 25 ஃப்ரேம். ஆள் நகரும்போது ஓரத்துல சீப்புப் பல் மாதிரி கோடு விழுந்தா 'டீஇன்டர்லேஸ்' போடுங்க.

முழு வீடியோவைத் தொடாம வெச்சுக்கிட்டு, தனியா ஒரு பத்து நிமிஷப் படம் பண்ணுங்க. போஸ் கொடுக்குற சீன்களைத் தாராளமா வெட்டலாம். பந்தியில சாம்பார் கேட்கற பெரியப்பாவை வெட்டாதீங்க! ஹார்ட்டுக்குள்ள முகம் வர்ற எஃபெக்ட்டும் இருக்கட்டும். சிரிப்பா இருந்தாலும் அது அந்தக் காலத்து ஸ்டூடியோ அண்ணனோட கைவேலை. சினிமாப் பாட்டு போடாத இடத்துல நிஜக் குரல் கேட்டா, அதுதான் புதையல்.

கல்யாண மகால் முன்னாடி 'அவுட்டோர்' எடுத்திருக்காங்களா? 2025 ஜூலையில் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த 12 மராத்தியக் கோட்டைகள்ல தமிழ்நாட்டுல இருக்கறது நம்ம செஞ்சி மட்டும்தான். அதே இடத்துல, அதே கோணத்துல போன்ல எடுத்து, ரெண்டையும் அடுத்தடுத்து வைங்க. மகால் கீழேயே இருக்கு, ராஜகிரி ஏற வேண்டியதில்லை. ட்ரோன் எல்லாம் அனுமதி இல்லாம வேண்டாம்.

பாட்டி வீட்டுல பிளேயர் இன்னும் ஓடுதா? அப்போ மறுபடி டி.வி.டி.யாவே போடலாம். டிவிடிஸ்டைலர் இலவசம். முகூர்த்தம், பந்தி, வரவேற்புன்னு மெனு பட்டன் வைக்கலாம். தமிழ் எழுத்து உடைஞ்சா மெனுவைப் படமா செஞ்சு ஒட்டிடுங்க. பழைய டி.வி. ஓரத்தைத் தின்னுடும், எழுத்தை உள்ளே தள்ளியே வைங்க. 4.7 ஜி.பி. டிஸ்க்குல ரெண்டு மணி நேரம் நல்லாவே அடங்கும். முதல்ல ஐ.எஸ்.ஓ.வா சேமிச்சு, வி.எல்.சி.யில் ஒவ்வொரு பட்டனையும் அமுக்கிப் பார்த்துட்டு அப்புறம் ரைட் பண்ணுங்க.

போட்டுக் காட்டும்போது பக்கத்துல நோட்டோட உக்காந்து, 'இவங்க யாரு?'ன்னு பாட்டிகிட்ட ஒவ்வொருத்தர் பேரா கேட்டு எழுதிக்கோங்க. அடுத்த டிஸ்க்குல சப்டைட்டிலா போட்டுடலாம்.