சர்வருக்கும் வயதாகும்!

பிள்ளைகளின் இயங்கலை வகுப்பைப் பற்றிப் பெற்றோர் கேட்கும் கேள்விகள் எனக்கு மனப்பாடம். ஆசிரியர் யார்? கட்டணம் எவ்வளவு? பாடத்தைப் பிறகு மறுபடி பார்க்க முடியுமா? வானொலியில் கல்வி பற்றிப் பேசும் நாள்களில் இவைதான் திரும்பத் திரும்ப வரும். ஒரு கேள்வியை மட்டும் இதுவரை யாரும் கேட்டதில்லை: "அந்த வகுப்பு ஓடும் சர்வரை இப்போது யார் கவனித்துக்கொள்கிறார்கள்?"

அதைக் கேட்க வேண்டிய அவசியம் எனக்குப் புரிந்தது ஒரு டியூஷன் மையத்தில். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் நடத்தும் மையம் அது. சனிக்கிழமைகளில் அங்கே மாணவர்களுக்குப் பேச்சுப் பயிற்சி கொடுக்கிறேன். 2020 மார்ச்சில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தபோது, எல்லாரையும் போல அவர்களும் அவசர அவசரமாக இயங்கலைக்கு மாறினார்கள். தெரிந்த இளைஞர் ஒருவர் வாடகைச் சர்வர் ஒன்றில் 'மூடுல்' மென்பொருளை நிறுவிக் கொடுத்தார். பிறகு அவர் வேலை கிடைத்து வெளியூர் போய்விட்டார். வகுப்பு மட்டும் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது.

மூடுல் என்பது பாடங்கள், பயிற்சிகள், மதிப்பெண்கள் எல்லாவற்றையும் ஓரிடத்தில் வைத்து நடத்த உதவும் இலவச மென்பொருள். ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரைச் சேர்ந்த மார்ட்டின் டூகியாமஸ் உருவாக்கி, 2002-இல் முதல் பதிப்பை வெளியிட்டார். நம் நாட்டுப் பல்கலைக்கழகங்கள் சிலவும் இதைத்தான் பயன்படுத்துகின்றன. (தமிழில் 'மூடல்' என்று எழுதிவிடாதீர்கள். வகுப்பையே மூடிவிட்டதாகப் பெற்றோர் பதறிவிடுவார்கள்!)

"அதான் ஓடுதேம்மா?"

சென்ற ஆண்டு, மையத்திற்கு உதவ வந்த புதிய தொழில்நுட்பர் அந்தச் சர்வரில் சின்ன மென்பொருள் ஒன்றை நிறுவப் பார்த்தார். மென்பொருள் கிடங்கின் முகவரியே கிடைக்கவில்லை என்று சர்வர் சொல்லிவிட்டது. இணையக் கோளாறு என்று நினைத்தோம். அவர் தலையை ஆட்டினார்.

"இது சென்ட்ஓஎஸ் 7 அக்கா. 2024 ஜூன் 30-ஆம் தேதியோடு இதோட ஆயுசு முடிஞ்சிருச்சு. கிடங்கையே மூடிட்டாங்க."

டீச்சருக்கு நம்பிக்கை வரவில்லை. "அதான் நல்லா ஓடுதேம்மா, எதுக்குத் தொடணும்?" என்று என்னைப் பார்த்தார்.

"இன்சூரன்ஸ் முடிஞ்ச காரும் ஓடும் டீச்சர்" என்றார் அந்தத் தம்பி.

இதைவிட எளிமையாக விளக்க முடியாது. நம் வீட்டுக் கணினியில் விண்டோஸ் இருப்பதைப் போல, சர்வரிலும் ஓர் இயங்குதளம் இருக்கும். அதன் மேல்தான் மற்ற மென்பொருள்கள் எல்லாம் நிற்கின்றன. சென்ட்ஓஎஸ் அப்படிப்பட்ட இலவச இயங்குதளம். அதன் 7-ஆம் பதிப்பு 2014 ஜூலையில் வந்தது. பத்து ஆண்டுகள் பாதுகாப்புத் திருத்தங்கள் கிடைத்தன. 2020-இல் அதைத் தேர்ந்தெடுத்த அந்த இளைஞரைக் குறை சொல்லவும் முடியாது. அதைவிடப் புதிதான சென்ட்ஓஎஸ் 8-க்கு 2029 வரை ஆதரவு உண்டு என்றார்கள். 2020 டிசம்பரில் திடீரென அறிவித்து, 2021 கடைசியிலேயே நிறுத்திவிட்டார்கள்!

ஆதரவு முடிந்தால் என்ன ஆகும்?

முடிந்த அன்று ஒன்றுமே ஆகாது. அதுதான் ஆபத்து. சர்வர் நிற்காது, எச்சரிக்கை மணி அடிக்காது. உலாவியில் முகவரிக்குப் பக்கத்தில் தெரியும் பூட்டுச் சின்னம்கூட அப்படியே இருக்கும். அந்தப் பூட்டு, உங்கள் கைப்பேசிக்கும் சர்வருக்கும் நடுவே போகும் தகவலை மட்டுமே காக்கும். சர்வருக்குள் இருக்கும் ஓட்டையைப் பற்றி அது எதுவும் சொல்லாது.

மென்பொருளில் புதுப் புது ஓட்டைகள் கண்டுபிடிக்கப்பட்டுக்கொண்டேதான் இருக்கும். ஆதரவு உள்ள பதிப்புக்குத் திருத்தம் வரும். வரும்போதே, ஓட்டை எங்கே இருந்தது என்பதும் ஊருக்கெல்லாம் தெரிந்துவிடும். அதே ஓட்டை பழைய பதிப்பிலும் இருந்தால், அதை அடைக்க ஆள் இல்லை. ஆனால் அதைத் தேடி இரவு பகலாக இணையத்தைச் சல்லடை போடும் தானியங்கி நிரல்கள் ஏராளம். அவற்றுக்குப் பெரிய வங்கி, சின்ன டியூஷன் மையம் என்ற பாகுபாடு கிடையாது.

2017 மே மாதம் 'வானாகிரை' தாக்குதலில் இங்கிலாந்து மருத்துவமனைகள் தடுமாறியது நினைவிருக்கலாம். அந்த ஓட்டைக்கான திருத்தத்தை, ஆதரவு உள்ள விண்டோஸ் பதிப்புகளுக்கு மைக்ரோசாப்ட் அதே ஆண்டு மார்ச்சிலேயே வெளியிட்டிருந்தது. 2014-இல் ஆதரவு முடிந்த விண்டோஸ் எக்ஸ்பிக்கோ, தாக்குதல் நடந்த பிறகுதான் அவசரத் திருத்தம் பொதுவில் கிடைத்தது.

ஒன்றோடு ஒன்று கோத்த சங்கிலி

"அப்படியென்றால் மூடுலை மட்டும் புதுப்பித்தால் போதாதா?" என்று கேட்டேன். போதாதாம். மூடுல், பிஎச்பி என்ற மொழியில் எழுதப்பட்டது. தகவல்களை மரியாடிபி போன்ற தரவுத்தளத்தில் வைக்கிறது. மூடுல் 4.5-க்குப் பிஎச்பி 8.1-ஆவது வேண்டும். சென்ட்ஓஎஸ் 7-உடன் வருவதோ பிஎச்பி 5.4. முன்பு அமைத்தவர் வெளியிலிருந்து பிஎச்பி 7.4-ஐக் கொண்டுவந்து, மூடுல் 3.9-ஐ ஓட வைத்திருந்தார். அந்த பிஎச்பிக்கு 2022 நவம்பரில் ஆதரவு முடிந்தது. மூடுல் 3.9-க்கு 2023 டிசம்பரில் முடிந்தது. அடித்தளம் பழையதாக இருந்ததால் அதன் மேல் இருந்த எதையும் முறையாகப் புதுப்பிக்க முடியாமல், மூன்றுமே ஒன்றாக மூப்படைந்துவிட்டன.

மூடிய கிடங்குக்குப் பதிலாகப் பழைய பொருள்களைச் சேமித்து வைத்திருக்கும் காப்பகம் ஒன்று உண்டு. முகவரியை அதற்கு மாற்றினால் பிழைச்செய்தி போய்விடும். பலரும் சரியாகிவிட்டது என்று அத்தோடு விட்டுவிடக்கூடும். ஆனால் அந்தக் கடையில் புதுச் சரக்கு வராது. சில நிறுவனங்கள் கட்டணம் வாங்கிக்கொண்டு பழைய இயங்குதளங்களுக்குத் திருத்தம் தருகின்றன. அவகாசம் தேவைப்படுவோருக்கு அது உதவும். நிரந்தரத் தீர்வு ஆகாது.

டீச்சரை மாற்றியது இந்த விளக்கமெல்லாம் இல்லை. சர்வரில் என்னென்ன இருக்கிறது என்று அந்தத் தம்பி திரையில் காட்டினார். நூற்றுச் சொச்சம் மாணவர்களின் முழுப்பெயர், அடையாள அட்டை எண், வீட்டு முகவரி, பெற்றோரின் கைப்பேசி எண், மதிப்பெண். என் மாணவர்கள் பேசிப் பதிவேற்றிய குரல் பதிவுகளும் அதில்தான் இருந்தன. டீச்சர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "எப்ப மாத்தலாம்?" என்றார்.

வீடு மாறிய விதம்

பழைய சர்வரைப் பழுதுபார்க்காமல் புதிய சர்வருக்கே குடிபோவது என்று முடிவானது. அல்மாலினக்ஸ் 9 என்ற இலவச இயங்குதளத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். அதற்கு 2032 மே வரை பாதுகாப்புத் திருத்தம் உண்டு.

மூடுலில் இடம்மாற்ற வேண்டியவை இரண்டு: தரவுத்தளம், மாணவர்கள் பதிவேற்றிய கோப்புகள் இருக்கும் 'மூடுல்டேட்டா' கோப்புறை. மூடுலின் நிரலைப் புதிதாகவே இறக்கிக்கொள்ளலாம். இரண்டுக்கும் நகல் எடுத்து முதலில் சோதனைத் தளம் ஒன்றை அமைத்தார்கள். அதில் மின்னஞ்சல் அனுப்பும் வசதியை முடக்கிவிடுவது முக்கியம். இல்லையென்றால் சோதனைத் தளமும் மாணவர்களுக்கு மடல் அனுப்பிக் குழப்பிவிடும். 3.9-இலிருந்து நேராக 4.5-க்குத் தாவ முடியாது. முதலில் 4.1, அதன் பிறகே 4.5. இந்தப் படியை ஒத்திகை பார்த்த பிறகுதான் உண்மையான நாளைக் குறித்தார்கள்.

பள்ளி விடுமுறையில் ஒரு வெள்ளிக்கிழமை இரவு பழைய தளத்தைப் பராமரிப்பு நிலையில் வைத்தார்கள். கடைசி நகலை எடுத்துப் புதியதில் ஏற்றி, இணைய முகவரியை அங்கே திருப்பினார்கள். எல்லாருடைய கடவுச்சொல்லும் மாற்றப்பட்டது. ஒரு பழைய கூடுதல் செருகி மட்டும் புதிய பதிப்பில் வேலை செய்யவில்லை. அதை விட்டுவிட்டார்கள். சில வாரம் கழித்து, எதுவும் விடுபடவில்லை என்று உறுதியானதும் பழைய சர்வர் அழிக்கப்பட்டது. "பத்திரமாக இருக்கட்டும்" என்று அதை அப்படியே ஓடவிட்டிருந்தால் பட்ட பாடெல்லாம் வீண்.

நீங்கள் கேட்க வேண்டியவை

இது சட்டத்தோடும் தொடர்புடைய விஷயம். மலேசியாவில் 2025 ஜூன் 1 முதல், பெரிய அளவில் தனிப்பட்ட தகவல்கள் கசிந்தாலோ, கசிவால் கணிசமான பாதிப்பு நேரக்கூடும் என்றாலோ 72 மணி நேரத்திற்குள் ஆணையரிடம் தெரிவிக்க வேண்டும். சிங்கப்பூரில் 2021 பிப்ரவரி முதலே இதுபோன்ற விதி உண்டு. அங்கே அவகாசம் மூன்று நாள். கட்டணம் வாங்கி வகுப்பு நடத்துவோர் "எனக்குத் தொழில்நுட்பம் தெரியாது" என்று ஒதுங்க முடியாது.

வகுப்பு நடத்துபவரா நீங்கள்? சர்வரின் இயங்குதளம், பிஎச்பி, தரவுத்தளம், மூடுல் ஆகிய நான்கின் பதிப்பையும், ஆதரவு முடியும் தேதியையும் ஒரு தாளில் எழுதித் தரச் சொல்லி உங்கள் தொழில்நுட்பரிடம் கேளுங்கள். கவனிக்க ஆளே இல்லையென்றால் சொந்தச் சர்வர் வேண்டாம். மூடுல் நிறுவனமே நடத்தும் 'மூடுல்கிளவுட்' போன்ற சேவைகள் இருக்கின்றன. அவற்றில் சர்வரைப் பராமரிப்பது அவர்கள் பொறுப்பு. தேவையில்லாத தகவலை வாங்கவும் வேண்டாம். கணிதப் பாடம் நடத்த அடையாள அட்டை எண் எதற்கு?

பெற்றோரா? அடுத்த முறை கட்டணம் கட்டும்போது, "எங்கள் பிள்ளையின் தகவல்கள் எங்கே இருக்கின்றன? அந்த சர்வரைக் கடைசியாக எப்போது புதுப்பித்தீர்கள்?" என்று ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள். பதில் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. தேடத் தொடங்குவார்கள்.

டீச்சரின் மேசை நாள்காட்டியில் இப்போது கார் இன்சூரன்ஸ் தேதிக்குக் கீழே இன்னொரு வரி இருக்கிறது: "மூடுல் 4.5, 2027 அக்டோபர் வரை. ஆறு மாதம் முன்பே தம்பியைக் கூப்பிடணும்."